பாயில் வந்த சிலுவையும் அச்சில் ஏறிய தமிழும்

சிலுவைப்போர் என்றதும் ஜெருசலேமும் சலாவுதீனும்தான் ஞாபகத்துக்கு வரும். அதுக்கும் நம்ம முத்துக்குளித்துறைக்கும் என்ன சம்பந்தம்? நேரடியான ஒரு நூல் இருக்கு.

1099-இல் ஜெருசலேமைப் பிடித்தவர்கள் அங்கே சண்டை மட்டும் போடவில்லை. அரசி மெலிசெண்டேக்காக 1130-களில் தயாரான ஜெபப் புத்தகத்தைப் பாருங்கள்: எழுத்து லத்தீன், ஓவியம் பைசாந்திய பாணி, தந்த அட்டையின் அலங்காரத்தில் இஸ்லாமியக் கலையின் சாயல். போர்க்களத்தில் எதிரெதிரே நின்ற கலைகள் பட்டறையில் ஒண்ணா உட்கார்ந்திருக்கு.

அந்தப் போர்களில் பிறந்த டெம்ப்ளர் வீரத்துறவிகள் சபை 1312-இல் கலைக்கப்பட்டது. போர்ச்சுகலில் இருந்த அதன் சொத்துகளை வைத்து 1319-இல் ‘கிறிஸ்து சபை’ உருவானது. வாஸ்கோ ட காமாவின் கப்பல் பாய்களில் இருந்தது அந்தச் சபையின் சிலுவைதான்.

முத்துக்குளிப்பில் போட்டியும் மோதலும் முற்றியபோது, பரதவத் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்பு கேட்டார்கள். 1536-37இல் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். இதை வெறும் மதமாற்றம்னு படிச்சா பாதிக் கதைதான் கிடைக்கும். கடலையும் தொழிலையும் காப்பாற்ற ஒரு சமூகம் எடுத்த அரசியல் முடிவும்கூட அது.

பிறகு வந்தவர் அன்றிக் அடிகளார் (என்றிக்கே என்றிக்கஸ்). யூத வம்சாவளி என்பதால் பிரான்சிஸ்கன் சபையில் நீடிக்க முடியாமல், இயேசு சபையில் சேர்ந்தவர். புன்னைக்காயலில் தங்கித் தமிழ் படித்தார். போர்ச்சுகீசிய மொழியில் தமிழ் இலக்கணமே எழுதினார்.

1554-இலேயே லிஸ்பனில் ஒரு தமிழ் ஜெபநூல் அச்சாகிவிட்டது. ஆனால் ரோமன் எழுத்தில்! இன்றைய வாட்ஸப் தமிழுக்கு அதுதான் முப்பாட்டன். தமிழ் எழுத்திலேயே வந்தது, 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’. மொத்தம் 16 பக்கம். இதற்கான அச்சு வேலைக்குப் பணம் திரட்டிக் கொடுத்ததும் பரதவர்கள்தான். கடைசிப் பக்கத்தில் 1577-இல் கோவாவில் வார்த்த எழுத்து, 1578-இல் கொல்லத்தில் வார்த்த எழுத்து என இரண்டையும் காட்டியிருக்கிறார்கள். எங்க பாஷையில் சொன்னா, ஃபாண்டின் முதல் பதிப்பும் இரண்டாம் பதிப்பும்!

பள்ளிப் பாடங்களில் ‘ஐரோப்பியர் அச்சு கொண்டுவந்தனர்’ என்று ஒரு வரியோடு முடித்துவிடுவோம். கருவி அவர்களுடையது, சரி. மொழி, பணம், படிக்கிற ஆள் எல்லாம் இந்தக் கரையுடையது. இந்தப் பங்கை விட்டுவிட்டு எழுதினால், அந்த மக்கள் வெறும் ‘பெற்றவர்கள்’ ஆகிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

இன்றைக்கு எங்க அச்சங்குளத்துக்குப் பக்கத்திலேயே, சிவகாசியில் ஊருக்கெல்லாம் காலண்டர் அச்சாகுது. அதை மாட்டுகிற வீட்டில் சாவி, ஜன்னல், மேசை, அலமாரி என்று போர்ச்சுகீசியச் சொற்கள் சாதாரணமாகப் புழங்குது. பாய்ச்சிலுவை வந்த அதே வழியில் வந்தவைதான் இவையும்.

1586-இல் வந்த ‘அடியார் வரலாறு’ பற்றித் தனியாக எழுதணும். அடுத்த பதிவில் பார்ப்போம்.