தாய்க்கு ஓர் அளவு, குட்டிக்கு ஓர் அளவு

செங்கல்பட்டில் ஒரு வீட்டில் சிப்பிப்பாறை நாயும் அதன் இரண்டு மாதக் குட்டியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஒரே நாளில் ரத்தம் எடுத்தாயிற்று. மறுநாள் வரும் ரிப்போர்ட்டில் எண்களுக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் 'இயல்பு அளவு' பெரும்பாலும் வளர்ந்த நாய்க்கு உரியது. குட்டியை அதோடு பொருத்திப் பார்த்தால் சில எண்கள் வீணாகப் பயமுறுத்தும், சில வீணாக நிம்மதி தரும். அந்த நிம்மதிதான் ஆபத்து என்பேன்.

பயத்தை முதலில் முடித்துவிடலாம். அல்கலைன் பாஸ்பேடேஸ் தாய்க்கு இரு மடங்கு ஏறியிருந்தால் கல்லீரலையும் பித்தப் பாதையையும் பார்க்க வேண்டும், ஸ்டீராய்டு மருந்து கொடுத்தோமா என்றும் யோசிக்க வேண்டும். குட்டிக்கு அதே ஏற்றம் பெரும்பாலும் எலும்பு வளர்வதைத்தான் காட்டுகிறது, அந்த நொதி எலும்பிலிருந்தும் வருவதால். பாஸ்பரஸ் கூடியிருப்பதும் அப்படித்தான். சிவப்பணுக்களின் அளவான பிசிவி தாய்க்கு 30 என்றால் சோகை. உண்ணிக் காய்ச்சலைத் தேட வேண்டும், இந்தப் பகுதியில் உண்ணிக்கு ஆண்டு முழுக்கக் கொண்டாட்டம். குட்டிக்கு அதே 30 அந்த வயதுக்கு இயல்பாக இருக்கலாம். ஈறு வெளுத்திருந்தால் மட்டும் கொக்கிப்புழுவையும் உண்ணியையும் சந்தேகிக்க வேண்டும்.

சிறுநீரகக் கணக்கு வேறு மாதிரி. கிரியாட்டினின் தசையில் உண்டாகும் கழிவு. ஓடி உரமேறிய தாய்க்கு 1.2 வந்தால் கவலையில்லை. குட்டிக்கு அவ்வளவு தசை ஏது? அதற்கு அரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய எண் 1.2 ஆனாலும் அச்சிட்ட எல்லைக்குள்தான் நிற்கும், தாளில் எச்சரிக்கைக் குறி விழாது. வளர்ந்த நாயிலேயே சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியாட்டினின் எல்லையைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரில் எலிச்சிறுநீர் கலந்து, சிறுநீரகத்தைத் தாக்கும் லெப்டோஸ்பைரோசிஸ் பரவும் காலத்தில், வாந்தியெடுக்கும் குட்டிக்கு 'நார்மல்' என்று வந்த தாளை அப்படியே நம்பிவிடக் கூடாது.

யூரியாவிலும் ஒரு பொறி உண்டு. குட்டிக்கு அது இயல்பாகவே குறைவு. ஆனால் சின்ன இனக் குட்டி வளராமல் நின்று, சாப்பிட்ட பின் தள்ளாடினால், அந்தக் குறைவுக்குக் காரணம் ரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் சுற்றிப்போகும் பிறவிக் குறையாக இருக்கலாம். கல்லீரல் நொதியான ஏஎல்டி செல் சேதத்தைக் காட்டுமே தவிர, கல்லீரல் வேலை செய்கிறதா என்று சொல்லாது. அதற்குச் சாப்பாட்டுக்கு முன்னும், இரண்டு மணி நேரம் கழித்தும் பித்த அமிலம் பார்க்க வேண்டும்.

ரத்தம் எடுக்கும் முறையும் ஒன்றல்ல. தாயை இரவெல்லாம் பட்டினி போடலாம். குட்டியை அப்படிப் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். எவ்வளவு நேரம் என்று டாக்டரைக் கேளுங்கள். மாமல்லபுரத்தில் எடுத்த ரத்தம் சித்திரை வெயிலில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணித்துச் சென்னைக்குப் போனால், வழியிலேயே அணுக்கள் சர்க்கரையைத் தின்றுவிடும். உடனே சீரம் பிரித்து, குளிர்ச்சியில் அனுப்பச் சொல்ல வேண்டும்.

பரிசோதனைச் சீட்டில் 'நாய்' என்று மட்டும் எழுத விடாதீர்கள். வயதை வாரக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள், எடையையும் இனத்தையும் சேர்த்து. குட்டி சோர்ந்திருக்க எண்கள் நன்றாக இருந்தால், சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லி, சில நாளில் மறுபடி ரத்தம் எடுத்துப் பாருங்கள்.