ட்ரையரும் மின்பானையும்

கினிகத்தேனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட பெக்டரியின் ட்ரையரையும், லண்டனில் குடியேறிய நம்மவர் ஒருவர் கராஜில் பியர் காய்ச்ச வைத்திருக்கும் முப்பது லீற்றர் மின்பானையையும் ஒப்பிடப் போகிறேன் என்றால் சிலர் சிரிக்கலாம். அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்தான். ஆனால் குறித்த சூட்டை, குறித்த நேரத்துக்கு, கை நழுவாமல் பிடித்து வைப்பதே இரண்டிலும் வேலை. அதைப் பிடிக்கும் விதம்தான் நேர் எதிரானது.

பானையை லண்டனில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் பியர் வடிப்பது குற்றம். பிரித்தானியாவில் சொந்தப் பாவனைக்கு வடிப்பவர்களுக்கு 1963இலிருந்தே அந்தத் தேவை இல்லை. மின்சாரத்துக்கோ கினிகத்தேனையில் குறைவில்லை. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இல் முன்வைத்த நீர்மின் யோசனை 1950இல் லக்சபான மின்நிலையமாக இயங்கத் தொடங்கியது. ஊருக்கு மேலே நோட்டன் பிரிட்ஜ், கீழே பொல்பிட்டிய. இத்தனை மின்நிலையங்களுக்கு நடுவிலும் தேயிலை காய்வது பெரும்பாலும் விறகுச் சூட்டில்தான். மின்சாரம் விசிறியையும் மோட்டாரையும் சுற்றுவதோடு சரி. அத்தனை சூட்டையும் மின்சாரத்தில் எடுத்தால் பில் கட்டி மாளாது.

ட்ரையருக்குள் போகும் தூளில் பாதிக்கு மேல் ஈரம். வெளியே வரும்போது மூன்று சதவீதம் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். சங்கிலித் தட்டு ட்ரையரில் உள்ளே அடிக்கும் காற்று 90 முதல் 100 பாகை, வெளியேறும் காற்று 50 முதல் 55 பாகை என்பது பொதுவான கணக்கு. அனுபவப்பட்ட டீமேக்கர் அதிகம் பார்ப்பது வெளியேறும் பக்கத்துத் தெர்மோமீற்றரைத்தான். அது இறங்கினால் தூள் காயாமல் வேகும். ஏறினால் மேல்புறம் இறுகி உள்ளே ஈரம் தங்கும், டின்னுக்குள் போன பிறகு கெடும். சரி, முள் இறங்குகிறது, என்ன செய்வார்? அடுப்பில் விறகு போட்டால் பலன் தெரியச் சுணங்கும். முள் ஏறினாலும் அதே பாடு, தணலையும் சூடேறிய செங்கல்லையும் சுவிட்ச் போட்டு நிறுத்த முடியாது. ஆகவே தட்டில் விழும் தூளின் கனத்தைக் கூட்டிக் குறைப்பார், தட்டு ஓடும் வேகத்தை மாற்றுவார். சூட்டை அதன் போக்கில் விட்டு, அது சுமக்கும் பாரத்தைத் திருத்துகிறார். வட்டவளைப் பக்கம் மழை பிடித்துவிட்டால் கொழுந்தும் ஈரம், விறகும் ஈரம். அன்றைக்கு இந்தத் திருத்தம் நிமிடத்துக்கு நிமிடம் நடக்கும்.

பானையில் பாரம் மாறாது. இருபது லீற்றர் தண்ணீரும் அரைத்த மோல்ட்டும், அவ்வளவுதான். இங்கே திருத்த வேண்டியது சூட்டை. மோல்ட்டை 63 பாகையில் ஊற வைத்தால் மாப்பொருள் நன்றாகச் சர்க்கரையாக உடைந்து பியர் இலேசாக வரும், 68இல் வைத்தால் வாயில் கனமாக நிற்கும். 3 கிலோவாட் எலிமென்ட் 230 வோல்ட்டில் 13 அம்பியர் இழுக்கும். இருபது லீற்றரை ஒரு பாகை உயர்த்த அதற்கு ஏறக்குறைய 28 வினாடி போதும். சுவிட்சை அணைத்தால் எலிமென்ட்டில் தங்கும் சூடு சொற்பம். அப்படியிருந்தும் சூடு இலக்கைத் தாண்டுகிறதென்றால், அனேகமாக உணரி சூட்டுக்குத் தூரமாக இருக்கிறது, அல்லது பம்ப் சுற்றவில்லை. இதற்காகக் கூடுதல் காசு கொடுத்து, மின்சாரத்தைக் கணக்குப் போட்டுக் கூட்டிக் குறைக்கும் பி.ஐ.டி. கட்டுப்பாட்டுக் கருவி வாங்குவது வீண் என்பேன். ஊற வைக்கும் கட்டத்துக்கு மலிவான தெர்மோஸ்டாட்டே போதும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அதன் உள்ளே இருக்கும் ரிலே பெரும்பாலும் 10 அம்பியருக்கானது. 13 அம்பியரை அதன் வழியே நேராக விட்டால் முனைகள் கருகும். தெர்மோஸ்டாட் ஒரு கொன்டாக்டரை இழுக்க, கொன்டாக்டர் எலிமென்ட்டைச் சுமக்க வேண்டும்.

கொதிக்க வைக்கும்போது கதை மாறுகிறது. கொதிக்கும் தண்ணீரின் சூடு, எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் ஏறாது. தெர்மோஸ்டாட்டுக்கு அங்கே திருத்த எதுவும் இல்லை. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே கருவியில் 100 என்று வைத்தால் அது வராத பாகைக்காகக் காத்துக்கொண்டு முழு வேகத்தில் எரிந்தபடியே இருக்கும், நுரை பொங்கித் தரைக்கு வரும். பி.ஐ.டி.யின் பெறுமதி தெரிவது இங்கேதான், அதுவும் அதன் கணக்கால் அல்ல. அதைக் கைமுறைக்கு மாற்றி அறுபது சதவீதம் என்று வைத்தால் ஒவ்வொரு பத்து வினாடியிலும் ஆறு வினாடி மின்சாரம் போகும், கொதி அடங்கி ஓடும். பாகையை விட்டுவிட்டு அளவைப் பிடிக்கிற இந்த வேலை, டீமேக்கர் தூளின் கனத்தைத் திருத்துவதற்கு மிகக் கிட்ட வருகிறது.

இப்படி விட்டு விட்டுக் கொடுப்பது அசையும் முனையில்லாத சாலிட் ஸ்டேட் ரிலே. 13 அம்பியரில் அது தன்னிலேயே 15 வாட் அளவுக்குச் சூடாகும் என்பதால் அலுமினியத் தட்டில் பொருத்தியே ஆக வேண்டும். இன்னொரு குணம் மோசமானது. கெட்டுப்போனால் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே கெடும். திரையில் ‘ஓஃப்’ என்றிருக்கும், எலிமென்ட் எரியும். நல்ல நிலையில் இருந்தாலும், அணைத்த பின் சில மில்லிஅம்பியர் அதன் வழியே கசியும், கம்பியில் கை வைத்தவருக்கு அது போதும்.

ட்ரையர் ஓடும் நேரமெல்லாம் அதன் பக்கத்தில் ஆள் நிற்பார், அது அவருடைய வேலை. கராஜ்காரர் கருவியை நம்பி உள்ளே போய் டிவி பார்ப்பார். அந்த ஆளின் இடத்தை வயரிங்தான் நிரப்ப வேண்டும்: ரிலேக்கு முன்னால் லைன், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் கொன்டாக்டர், தண்ணீர் குறைந்தால் அதை விழ வைக்கும் மிதவை சுவிட்ச், பானையின் உடலுக்கு எர்த், எல்லாவற்றுக்கும் முன்னால் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச். பி.ஐ.டி.க்குக் காசு மிச்சமிருந்தால் அதற்குப் பிறகு பார்க்கலாம்.