ஒருவர் பிரிக்க, மற்றவர் தேர்ந்தெடுக்க

அப்பா விட்டுச்சென்ற நிலம் ஒன்று, பிள்ளைகள் இருவர். அண்ணன் அதை இரண்டாகப் பிரிக்கட்டும். முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை தம்பிக்கு. ஓரவஞ்சனையாகப் பிரித்தால் நல்ல பங்கு தம்பிக்குத்தான் போகும். பெரிய மனது இல்லாவிட்டாலும் அண்ணன் சமமாகவே பிரிப்பார். பங்குச் சண்டைக்கு ஆட்டக் கோட்பாடு காட்டும் எளிய வழி இது.

1982ஆம் ஆண்டின் ஐநா கடல் சட்ட ஒப்பந்தத்திலும் இதே உத்தி உண்டு. ஒப்பந்தம் நிறைவேறியபோது மாநாட்டுத் தலைவராக இருந்தவர் சிங்கப்பூரின் டாமி கோ. ஆழ்கடல் தாதுக்களைப் பணக்கார நாடுகளே அள்ளிக்கொள்ளும் என்பது வளரும் நாடுகளின் அச்சம். அதனால், சுரங்க அனுமதி கேட்கும் நிறுவனம் சம மதிப்புள்ள இரு பகுதிகளைக் காட்ட வேண்டும். அனைத்துலகக் கடற்படுகை ஆணையம் அவற்றில் ஒன்றைத் தேர்ந்து வளரும் நாடுகளுக்காக ஒதுக்கி வைக்கும். கடலடி நிலவரம் நிறுவனத்துக்கே நன்றாகத் தெரியும். ஆனாலும் ஏமாற்றப் பார்த்தால் நட்டம் அதற்குத்தான்.

பங்காளிகள் மூவரானால் இந்த விதி மட்டும் போதாது.