சுவார்ட்ஸ் ஐயரும் தஞ்சை அரசுரிமையும்

பதினெட்டாம் நூற்றாண்டிலே தமிழகம் வந்த லூத்தரன் குருமாருள் சீகன்பால்கு ஐயரை அறியாதார் இலர்; தமிழ் அச்சின் வரலாறு அவர் பெயரை நிலைநாட்டிவிட்டது. கிறித்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயரின் பெயர் நம்மிடையே அத்துணை வழங்குவதன்று. ஆயினும் ஓர் இந்து அரசின் உரிமை வழக்கிலே அவரளவு தொடர்புற்ற பாதிரிமார் மிக அரியர்.

பிரசிய நாட்டுச் சொன்னன்பேர்க்கில் 1726 இற் பிறந்த இவர், ஹாலே சர்வகலாசாலையிற் பயிலும்போதே தமிழ் கற்கத் தொடங்கினார். 1750 இல் தரங்கம்பாடியை அடைந்தார்; 1760 இல் இலங்கைக்கும் வந்து சென்றார். பின்னர்த் திரிசிரபுரத்திலும், 1778 முதல் தஞ்சையிலும் வாழ்ந்தார். பாரசீகம், இந்துஸ்தானி, மராட்டியம் ஆகியவற்றையும் பயின்றமையால் அரசவைகளில் மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேச வல்லவரானார்.

1779 இல் சென்னைத் தேசாதிபதி இவரை ஐதர் அலியிடம் தூது விடுத்தார். ஐதர் வழிச்செலவுக்கென அளித்த முந்நூறு ரூபாவை இவர் தமக்கென வைத்துக்கொள்ளாது, தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளுக்கான பாடசாலைக்கு உதவச் செய்தார். தூது பயன்படவில்லை. மறு ஆண்டே ஐதரின் படை கருநாடகத்தைச் சூறையாடிற்று. பஞ்சம் வந்தபோது, முன்னரே வாங்கிச் சேர்த்திருந்த நெல்லரிசியால் இவர் பலரின் பசியை ஆற்றினார். அரசாங்கத்தின் சொல்லை நம்பாது ஊரைவிட்டகன்ற குடியானவர் இவர் வாக்கை நம்பி வயலுக்குத் திரும்பினர்.

இத்தகைய நம்பிக்கையே இவரைப் பெருஞ்சிக்கலில் இழுத்துவிட்டது. 1787 இல் மரணப் படுக்கையிலிருந்த துளசா மன்னர், தாம் சுவீகாரம் எடுத்த பத்து வயதுச் சரபோசிக்குப் பாதுகாவலராகும்படி ஐயரை வேண்டினார். சமயகுரு அரசியற் பொறுப்பை ஏற்றல் தகாதென மறுத்த ஐயர், மன்னரின் தம்பி அமரசிங்கரை நியமிக்குமாறு கூறினார். அவ் வாலோசனையே பிள்ளைக்கு வினையாயிற்று. மன்னர் இறந்ததும் அமரசிங்கர் தாமே அரசுரிமை கோரினார். சுவீகாரம் செல்லாதெனப் பண்டிதர் சிலர் கூறக் கம்பனியார் அவரையே அரியணை ஏற்றினர். சரபோசியோ கல்வியுமின்றிக் காவலில் அடைபட்டார்.

ஐயரின் நோக்கம் தூயது; ஆயின் அவர் கணிப்புப் பிழைத்தது என்பதே எம் கருத்து. அப் பிழையைத் திருத்துவதிலேயே அவர்தம் இறுதிப் பத்தாண்டும் கழிந்தது எனலாம். பிள்ளையின் துன்பத்தைக் கம்பனியாருக்கு இடைவிடாது முறையிட்டார். 1793 இற் பிள்ளை பாதுகாப்புக்காகச் சென்னைக்கு அனுப்பப்பட்டார். சுவீகாரம் தரும சாத்திரத்துக்கு ஒத்ததெனக் காட்டும் பண்டிதர் கருத்துக்களும் திரட்டப்பட்டன. லூத்தரன் குரு ஒருவர் இந்து தரும நூல்களின் துணைகொண்டு இந்து இளவரசரின் உரிமையை நிலைநாட்ட முயன்றமை கவனிக்கற்பாலது.

ஐயர் 1798 பெப்ரவரி 13 இற் காலமானார். அவ்வாண்டு யூன் மாதத்திலேயே சரபோசி முடிசூடினார். ஆயின் அடுத்த ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி முழுவதும் கம்பனியார் கைப்பட்டது. மன்னரிடம் கோட்டையே எஞ்சிற்று. நீதி வேண்டிக் கம்பனியாரை அணுகிய வழக்கு அவர்தம் ஆதிக்கத்துக்கே வாயிலாயிற்று.

சரபோசி இறுதிவரை தம் முன்னோர் சமயத்திலேயே நின்றார். சரசுவதி மகால் நூல்நிலையத்தை வடமொழி ஏடுகளாலும் ஐரோப்பிய நூல்களாலும் வளம்படுத்தினார். தம் ஆசானுக்கென இங்கிலாந்துச் சிற்பி பிளக்ஸ்மனைக் கொண்டு பளிங்குச் சின்னம் செய்வித்துத் தஞ்சைத் தேவாலயத்தில் நிறுவினார். அதிலே கட்டிலிற் கிடக்கும் முதியவரின் கையைப் பற்றி நிற்கின்றார் சரபோசி. ஐயர் இறந்த அந்நாளில் அவர் இன்னும் முடிசூடாத இளைஞர்.