பாடம் செய்த பறவைகள்

இறந்த பறவையின் தோலை உரித்து, மருந்து தடவி, பஞ்சு அடைத்து வைப்பதைப் 'பாடம் செய்வது' என்று சொல்வோம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போன நம் வயதுக்காரர்கள் எல்லாரும் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் அந்தப் பறவைகளைப் பார்த்திருப்பீர்கள். கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு அவை தினமும் பார்த்துப் பழகியவை.

இந்த வேலையைப் புதிதாகக் கற்பவர்களுக்கென்றே 1874-இல் இந்தியாவில் ஒரு கையேடு வெளிவந்தது. பறவை, முட்டை, கூடு, இறகு, எலும்புக்கூடு ஆகியவற்றைச் சேகரித்து, பாடம் செய்து, கெடாமல் காப்பது எப்படி என்று சொல்லும் நூல் அது. எழுதியவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆம், பள்ளிக்கூடத்தில் 'காங்கிரஸைத் தோற்றுவித்தவர்' என்று நாம் மனப்பாடம் செய்தோமே, அதே ஹியூம்தான்!

ஹியூம் ஐ.சி.எஸ். அதிகாரி. 1857 கிளர்ச்சியின்போது எட்டாவா மாவட்டத்தில் இருந்தார். பறவை என்றால் அவருக்கு உயிர். சிம்லாவில் தன் பங்களாவையே அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார். ஆனால் ஒரு மனிதர் எத்தனை ஊருக்குப் போக முடியும்? அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் துப்பாக்கியோடுதான் போவார்கள். கௌதாரி, காடை, உள்ளான், வாத்து, காட்டுக்கோழி என்று சுட்டுத் தள்ளுவார்கள். அவர்களுக்குப் பாடம் செய்யக் கற்றுக்கொடுத்துவிட்டால் நாடு முழுவதிலிருந்தும் பறவைகள் சிம்லாவுக்கு வந்து சேருமே! அப்படியே வந்தன. நம் நீலகிரிப் பறவைகளைச் சேகரித்தவர் அவரிடம் வேலை பார்த்த டேவிசன்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாயிலும் மூக்குத் துளையிலும் பஞ்சு வைத்து அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ரத்தம் கசிந்து இறகெல்லாம் பாழாகும். மார்பெலும்பின் அடியிலிருந்து வயிற்றுத் தோலை மட்டும் கீறி, பனியனைக் கழற்றுவதுபோல் உட்புறம் வெளியே வரும்படி தோலைத் தலைவரை உருட்டிக்கொண்டு போக வேண்டும். கால், இறக்கை எலும்புகளின் நுனியும் மண்டை ஓடும் தோலோடு தங்கும். மூளை, கண், சதை, கொழுப்பு எதுவும் மிஞ்சக் கூடாது. காட்டு வாத்துக்குத் தலை பெரிது, கழுத்து சிறிது. தோல் தலையைத் தாண்டி வராது. அதற்குப் பிடரியில் தனியாக ஒரு கீறல் போட வேண்டும். புறாவுக்குத் தோல் மெல்லியது, தொட்டாலே இறகு கொட்டும்.

பிறகு தோலின் உட்புறம் ஆர்செனிக் சோப்பு தடவுவார்கள். பிரான்சின் மெட்ஸ் நகரத்து மருந்துக் கடைக்காரர் பெக்கர் என்பவர் 18-ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்த கலவை அது. ஆர்செனிக் என்பது பாஷாணம். பூச்சியைக் கொல்லும், தடவுகிறவரையும் விடாது. அந்த விஷம் இன்றும் பழைய தோல்களில் இருக்கிறது. அதனால்தான் கையுறை இல்லாமல் அவற்றைத் தொடக் கூடாது என்பார்கள்.

கடைசியாகக் காலில் ஒரு சீட்டு கட்ட வேண்டும். எங்கே கிடைத்தது, என்றைக்கு, ஆணா பெண்ணா, எடுத்தவர் யார் என்று அதில் எழுத வேண்டும். என்னைக் கேட்டால், மற்ற வேலை எல்லாம் இந்தச் சீட்டுக்காகத்தான். நான் வேலை பார்த்த கல்லூரியில் ஒரு அலமாரி நிறையப் பழைய பறவைத் தோல்கள் இருந்தன. சீட்டுகளை ராமபாணப் பூச்சி அரித்துவிட்டது. எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரியாத தோலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கட்டடத்தைப் புதுப்பித்தபோது எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஹியூமுக்கும் ஒரு பேரிழப்பு நேர்ந்தது. 25 ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த பறவைக் குறிப்புகளை, அவர் சிம்லாவில் இல்லாதபோது வேலைக்காரர் ஒருவர் பழைய காகிதமாகக் கடைத்தெருவில் எடைக்குப் போட்டுவிட்டார். மனம் உடைந்த ஹியூம் தன் சேகரிப்பு முழுவதையும் 1885-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். தோலும் முட்டையுமாக ஏறக்குறைய 82,000! அதே ஆண்டு டிசம்பரில்தான் பம்பாயில் 72 பேருடன் முதல் காங்கிரஸ் கூடியது. அதற்கு முன்பே பிரம்மஞான சபையின் தாக்கத்தால் ஹியூம் சைவ உணவுக்கு மாறி, பறவைகளைக் கொல்வதையும் விட்டிருந்தார்.

அத்தனை உயிரைக் கொன்றது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். இமயமலைக் காடை என்று ஒரு வேட்டைப் பறவை. 1846-இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்தது. 1876-இல் நைனிடால் அருகே ஒன்றைச் சுட்டார்கள். அதற்குப் பிறகு அதைக் கண்டதாக உறுதியான சான்று இல்லை. இன்று உலகத்தில் அந்தக் காடையின் மிச்சம், அருங்காட்சியகங்களில் கிடக்கும் பத்துப் பன்னிரண்டு பாடம் செய்த தோல்கள்தான். துப்பாக்கியும் அதன் அழிவுக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சீட்டுகள் இல்லையென்றால், அப்படி ஒரு பறவை முசூரி, நைனிடால் மலைச் சரிவுகளில் வாழ்ந்தது என்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

இன்று கௌதாரியையோ காட்டுக்கோழியையோ பிடித்துப் பாடம் செய்வது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது சரியான சட்டம்தான். ஆனால் சீட்டு எழுதுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. உங்கள் பேரப்பிள்ளை செல்போனில் ஒரு பறவையைப் படம் பிடித்தால், தேதியையும் ஊரையும் கூடவே எழுதி வைக்கச் சொல்லுங்கள். நூறு ஆண்டு கழித்து யாருக்காவது அது தேவைப்படும்.