மின் இழுவை ரயில்

மலைச்சரிவில் பதித்த தண்டவாளத்தின் மேல், இரும்பு வடம் இழுக்க ஏறி இறங்கும் வண்டி. தமிழ்நாட்டில் இது பழனி தண்டாயுதபாணி சுவாமி கோயிலில் ஓடுகிறது. பக்தர்கள் இதை ‘விஞ்ச்’ என்பார்கள்.

இயங்கும் முறை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலை, சரிவைத் தணிக்க 20 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிப் போகிறது. மேட்டுப்பாளையம்–குன்னூர் ரயில் (1899) தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்சட்டத்தைப் பற்றி ஏறுகிறது. இழுவை ரயிலோ நேராகவே ஏறும். பெட்டியில் இன்ஜின் கிடையாது. நிலையத்து எந்திரம்தான் வடத்தை இழுக்கும். பல ஊர்களில் ஒரே வடத்தின் இரு முனைகளிலும் பெட்டிகளைப் பிணைத்திருப்பார்கள். இறங்கும் பெட்டியின் எடை ஏறும் பெட்டியைத் தூக்க உதவுவதால் எந்திரத்துக்குப் பளு குறையும். இருக்கைகள் படிக்கட்டுபோல அடுக்கடுக்காக இருப்பதால் செங்குத்திலும் பயணிகள் சாயாமல் உட்காரலாம்.

வரலாறு

நகரத்தின் பள்ளத்தையும் மேட்டையும் இணைக்க இது பயன்பட்டது. பிரான்சின் லியோனில் 1862-லும், புடாபெஸ்டில் 1870-லும், இஸ்தான்புல்லில் சுரங்கத்துக்குள் 1875-லும், ஹாங்காங்கில் 1888-லும் ஓடத் தொடங்கியது.

மலேசியாவின் பினாங்கு மலையில், ரயில் வருமுன், அதிகாரிகளின் பங்களாக்களுக்குக் குதிரையிலும் டோலியிலும் போய்வந்தார்கள். அங்கே முதலில் போட்ட ரயில் ஓடாமலே போனது. மறுபடி கட்டியது 1923-ல் ஓடியது. பாதிவழியில் இறங்கி வண்டி மாற வேண்டியிருந்தது. 2010-ல் அதை நிறுத்திப் புதுப்பித்து, 2011 முதல் ஒரே மூச்சில் உச்சிக்கு விட்டார்கள். மலைமேல் முருகன் கோயிலும் உண்டு. இன்று அங்கே வண்டியேறுபவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகள்.

பழனி

693 படிகளும் யானைப்பாதையும் இருந்த மலையில் 1966-ல் விஞ்ச் வந்தது. பின்னர் மேலும் இரண்டு தடங்கள் சேர்ந்தன. நிலையம் மேற்கு கிரிவீதியில் இருக்கிறது. உச்சிக்குச் சுமார் 8 நிமிடம். பெட்டி உயர உயர வையாபுரிக் குளமும் ஊரின் கூரைகளும் கீழே விரிகின்றன.

2004-ல் தெற்கு கிரிவீதியில் வந்த ரோப் கார் சுமார் 3 நிமிடத்தில் மலையேற்றிவிடும். ஆனால் காற்று பலமாக அடித்தால் அதை நிறுத்திவிடுவார்கள்; பராமரிப்புக்காக ஆண்டுதோறும் பல நாள் ஓடாது. அப்போது கூட்டம் விஞ்சுக்குத் திரும்பும். தைப்பூசத்தில் காவடி எடுப்பவர்கள் படியேறியே போவார்கள். முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்கும் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரோப் கார் ஓடாத நாளில் விஞ்ச்தான் வழி. பினாங்கில் வேடிக்கைப் பயணமாக மாறிவிட்ட வண்டி, பழனியில் இன்னும் அன்றாடத் தேவையாகவே ஓடுகிறது.