மூளைத் தமனிப் புடைப்பு

மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியின் சுவர், பெரும்பாலும் கிளை பிரியும் இடத்தில், நலிந்து, சிறு கனிபோல் காம்பும் பையுமாகப் புடைத்து நிற்கும் விகாரம். வெடித்தால் மூளையுறைகளுக்கிடையே குருதி பெருகித் திடீரெனக் கடுந்தலைவலியும் பிரக்ஞை இழப்பும் நேரும். தந்துகிகளின் இடையீடின்றித் தமனியும் சிரையும் நேரே பின்னிக்கொள்ளும் கோளாறு இதனின் வேறானது.

1927-இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் மூளைத் தமனிகளை எக்ஸ்ரே படத்தில் புலப்படுத்தினார். 1937-இல் பால்டிமோரில் வால்ட்டர் டாண்டி, மண்டையைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கவ்வியிட்டு, தட்டானின் நுண்வேலையை ஒத்த நிதானத்துடன் பையை மட்டும் இரத்த ஓட்டத்தினின்று விலக்கினார். 1990-இல் லாஸ் ஏஞ்சலிஸில் குய்டோ குக்லியெல்மி கையாண்ட முறையோ மண்டையைத் திறவாதது: தொடைத் தமனி வழியே செலுத்திய நுண்குழாய் புடைப்பை அடைந்ததும், மெல்லிய பிளாட்டினச் சுருள் பையினுள் சுருண்டு நிறைய, சிறு மின்னோட்டத்தால் அது தாங்குகம்பியினின்று விடுபட, உள்ளே குருதி உறைந்துவிடுகிறது.